மகள் விழுந்த விதம்

சமயநல்லூர் ஜூடோ வகுப்புக்கு முதல் நாள் போனபோது, என் கராத்தே கறுப்பு பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் போனேன். யாரும் கட்டிக்கொண்டு வரச் சொல்லவில்லை. கட்டாமல் போனால் நான் யாரென்று அங்கே தெரியாமல் போய்விடுமே என்ற பயம்தான். வண்டியை நிறுத்தும்போதே மகள் கெஞ்ச ஆரம்பித்துவிட்டாள்.

"ப்பா, அதக் கழட்டிப் பையில வச்சிருங்கப்பா. இங்க யாரும் அப்பிடி வர மாட்டாங்க."

"நான் என்ன களவாண்டா கட்டியிருக்கேன்? வேர்வை சிந்தி வாங்குனதுடி."

அவள் வேறு யாருடனோ வந்தவள்போல முன்னால் நடந்து உள்ளே போய்விட்டாள். அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. ஜூடோவில் பிரவுன் பெல்ட்.

வகுப்பு நடப்பது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். முகூர்த்த நாள் என்றால் வகுப்பு கிடையாது. முகூர்த்தத்துக்கு மறுநாள் என்றால் கூடம் முழுக்க சாம்பார் வாடை இருக்கும். மெத்தைக் கடையில் வெட்டி எறிகிற ஃபோம் துண்டுகளை வாங்கிப் பரப்பி, மேலே தார்பாயை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதுதான் மேட். கோச் ரயில்வேயில் வேலை பார்ப்பவர், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். மண்டப வாடகைக்கு மட்டும்தான் பீஸ் வாங்குவார், அதிலும் ஒரு வீட்டுக்கு ஒரு பீஸ். மகளுக்குக் கட்டிவிட்டதால் நான் சும்மாவே சேர்ந்துகொள்ளலாம். நான் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கோச் என் இடுப்பைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஓரத்தில் கிடந்த குவியலில் இருந்து ஒரு வெள்ளை பெல்ட்டை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"அண்ணே, கராத்தேல நீங்க பெரிய ஆளு. பாப்பா நெறையச் சொல்லியிருக்கு. இங்க உள்ள இருக்கையில மட்டும் இதக் கட்டிக்கங்க."

எந்தப் பையன் விட்டுவிட்டுப் போன பெல்ட்டோ, முடிச்சுப் போட்டால் நுனி மிஞ்சவில்லை. பெல்ட் நிறப்படிதான் வரிசை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பின்னால், கடைசி ஆளாக நான் நின்றேன். வரிசையின் தலையில் என் மகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் விளாங்குடி பள்ளி மைதானத்தில் நடக்கும் என் கராத்தே வகுப்பில் ஒரு வரிசையே எனக்குக் குனிந்து வணக்கம் சொல்லும். இங்கே வால் பக்கத்தில் நின்று நான் குனிந்தேன்.

இந்த வயதில் எதற்கு இன்னொரு கலை என்று யார் கேட்டாலும், 'கிராஸ் டிரெயினிங்' என்று சொல்லி வைத்திருந்தேன். கேட்க நன்றாக இருக்கும். உண்மை அவ்வளவு நன்றாக இருக்காது. நான் கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் சூப்பர்வைசர். கராத்தே சொல்லிக் கொடுப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். எங்கள் பக்கம் புதிதாக வந்த ஒரு வகுப்புக்காரர் நான்கைந்து கலைகளின் பெயரை ஒரே பேனரில் போட்டு, என் பிள்ளைகளில் பாதியை இழுத்துக்கொண்டார். மிச்சம் இருந்த பெற்றோர்களும், "மாஸ்டர், குத்து, உதையெல்லாம் சரி. கட்டிப் பிடிச்சுக் கீழ தள்ளிட்டா என்ன செய்றது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொரு காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. மகளுக்கு ஐந்து வயதிலிருந்து கராத்தே சொல்லிக் கொடுத்தவன் நான். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு இந்தக் கோச் வந்து ஒருநாள் ஜூடோ செய்து காட்டினார். அன்றைக்குச் சாயங்காலமே அவள் வந்து, "நான் அதுக்குப் போறேன்ப்பா" என்று சொல்லிவிட்டாள். சரி போ என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். ஆனால் என்னிடம் இல்லாத எது அங்கே இருக்கிறது என்ற கேள்வி மட்டும் உள்ளே கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது.

நான் சேர்ந்ததில் ரொம்பச் சந்தோஷப்பட்டது என் மனைவி. மகளின் எடைக்கு அந்த வகுப்பில் வேறு பெண்பிள்ளை கிடையாது. மற்றதெல்லாம் பொடிசுகள், இல்லையென்றால் ஆண்பிள்ளைகள். பையன்களோடு கட்டிப் புரண்டு பழகுவதை மனைவி ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆள் உயரப் பயிற்சிப் பொம்மையை வைத்துத்தான் மகள் பாதி நாள் பழகிக்கொண்டிருந்தாள். நானோ ஒல்லி, மகளைவிட நாலு கிலோ கூட இருந்தால் அதிகம்.

"நீங்களே அவளுக்கு ஜோடியா நில்லுங்க. எனக்கும் நிம்மதி" என்றாள் மனைவி.

கோச்சும் சரி என்றார். அப்படித்தான் நானும் மகளும் ஜோடியானோம்.

ஜூடோ உடுப்பு வாங்குகிற விலையில் இல்லை. கராத்தே உடுப்பு வேட்டி மாதிரி மெல்லிசு. மகள் முதல் தடவை என் சட்டையைப் பிடித்து இழுத்ததுமே தோளில் இருந்து கைமுட்டி வரை கிழிந்து தொங்கியது. பொடிசுகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மனைவி பள்ளிக்கூடப் பை தைக்கிற கடையில் காக்கி கேன்வாஸ் வாங்கி, பக்கத்து வீட்டு டெய்லரிடம் கொடுத்து ஒரு சட்டை தைத்து வந்தாள். கிழியவே கிழியாது. போட்டுக்கொண்டு நின்றால் தபால்காரர் வழிதவறி வந்துவிட்டதுபோல இருக்கும்.

ஆனால் உடுப்பெல்லாம் ஒரு விஷயமே இல்லை. விழுவதுதான் விஷயம்.

கராத்தேக்காரன் கால் தரையில் ஊன்றிப் பழகியது. தள்ளினால் அசையக் கூடாது, அதுதான் எங்களுக்குப் பெருமை. ஜூடோவில் அந்தப் பெருமையைத்தான் முதலில் பிடித்துத் தூக்குவார்கள். எவ்வளவு இறுக்கி நிற்கிறோமோ அவ்வளவு சுலபமாகத் தூக்கலாம். மகள் என் காலருக்குள் ஒரு கை கொடுப்பாள், திரும்புவாள், அவளுடைய இடுப்பு என் வயிற்றுக்குக் கீழே வந்திருக்கும். அடுத்து எனக்குத் தெரிவது மண்டபத்து மின்விசிறி. எழுந்து நிற்பேன். மறுபடியும் மின்விசிறி.

சாயங்காலத்துக்குச் சாயங்காலம் இதே கதை. அவள் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. சண்டை போட்டுப் பார்க்கிற நேரத்தில் எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும் வீசித்தான் ஆக வேண்டும். அவளோ ஒவ்வொரு தடவையும் என் தலை அடிபடாமல் கையை விடாது பிடித்துக்கொண்டு, "வலிக்குதாப்பா?" என்று கேட்பாள். அந்தக் கேள்விதான் எனக்கு ஆகாது. வலிக்கிறதா என்று நான் அவளைக் கேட்ட காலம் போய், எல்லார் முன்னாலும் அவள் என்னைக் கேட்கிறாள்.

ஒருநாள் நான் எழுந்திருப்பதற்குள் மறுபடி பிடித்து மறுபடி வீசிவிட்டாள். சுற்றி நின்ற பையன்கள் "ஓய்" என்று கத்தினார்கள். நான் எழுந்து, பெல்ட்டைக் கழற்றித் தார்பாயில் போட்டுவிட்டு, வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் ஓடி வந்து பின்னால் ஏறினாள். ராத்திரி தட்டு முன்னால் உட்கார்ந்து, தோசை கருகிவிட்டது என்று மனைவியைக் கத்தினேன். தோசை கருகவில்லை. மகள் தன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்து போனாள். ஒரு நாற்பத்தைந்து வயது ஆள் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து எனக்கு ஜூடோ வர ஆரம்பித்தது.

அப்படித்தான் நினைத்தேன். காலரைப் பிடிக்கிறேன், திரும்புகிறேன், இடுப்பைக் கொடுக்கிறேன், மகள் பறந்து போய் மேட்டில் விழுகிறாள். பட்டென்று கையை அடித்து, அழகாக விழுகிறாள். முதலில் எனக்கே நம்ப முடியவில்லை. பிறகு நன்றாகவே நம்பினேன். இத்தனை வருஷக் கராத்தே சும்மா போகுமா, இடுப்பு பலம் இருக்கிறதல்லவா, பிடிபடுவதற்குக் கொஞ்ச நாள் ஆனது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். தலைகால் புரியவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

"நீ எடத்த விட்டுக் குடுக்குற. நான் உள்ள வரும்போதே வலது காலு லேசா எந்திரிக்குது பாரு. அங்கதான் எனக்கு வழி கெடைக்குது."

"சரிப்பா."

"பிரவுன் பெல்ட்டுன்னு தெனாவெட்டு வந்துருச்சுன்னா இப்பிடித்தான் ஆகும்."

"சரிப்பா."

பின்னால் உட்கார்ந்து அந்தப் பிள்ளை எல்லாவற்றுக்கும் 'சரிப்பா' சொல்லிக்கொண்டு வந்தது. இதை எழுதும்போது அந்த 'சரிப்பா'தான் முதுகில் வந்து குத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பெற்றோர்களிடம் அள்ளிவிட்டேன். மாவட்ட அளவில் ஆடுகிற பிள்ளையையே தூக்கிப் போடுகிறேன், இனி கட்டிப் பிடித்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லித் தருவேன் என்றேன். வீட்டில் மனைவியிடமும் பீற்றிக்கொண்டேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, "அவள நீங்க தூக்கிப் போடுறீங்களா?" என்று கேட்டாள். "ஏன், நம்ப முடியலையா?" என்றேன். "நான் என்னத்தக் கண்டேன்" என்று சொல்லிவிட்டு மகள் இருந்த அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

எல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. நான் மகளைத் தூக்கும்போது பையன்கள் கத்துவதை நிறுத்தியிருந்தார்கள். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். கோச் அந்த நேரம் பார்த்து வேறு யாருக்காவது பெல்ட் கட்டிவிடப் போய்விடுவார். என்னைப் பார்த்துத் திருத்த ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். நம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட ஆளுக்கு எதுவும் தடை இல்லை.

மாநில அணிக்கான தேர்வு வாடிப்பட்டியில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. எங்களுக்கு அது சாதாரண ஆட்டம் இல்லை. மாநில அளவில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி கிடைக்கும், பீஸும் குறையும். என் கப்பலூர் சம்பளத்துக்கு அவள் கேட்கிற படிப்பு அந்த வழியாக வந்தால்தான் உண்டு. அது அவளுக்கும் தெரியும். அன்று காலையில் எடை ஏறிவிடக் கூடாதென்று எதுவும் சாப்பிடாமல், தண்ணீரை மட்டும் வாயில் வைத்துத் துப்பிக்கொண்டே வந்தாள்.

முதல் இரண்டு ஆட்டங்களில் எதிராளிகளால் இவளைத் தொடக்கூட முடியவில்லை. கடைசி ஆட்டத்தில் மேலூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒன்று. குட்டையாக, உறுதியாக இருந்தது. இருவரும் காலரைப் பிடித்துக்கொண்டு சுற்றினார்கள். நான் வெளியே நின்று, "இடுப்பு, இடுப்பு" என்று கத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை உள்ளே திரும்பியது. நான் தினமும் திரும்புகிற அதே பக்கம், அதே பிடி. அவ்வளவு சுத்தமான திருப்பம்கூட இல்லை. கொஞ்சம் கீழே இறங்கி நின்றிருந்தாலே தடுத்திருக்கலாம்.

என் மகளின் வலது கால் லேசாக எழுந்தது.

தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். உடம்பை லேசாக்கிக் கொடுத்தாள். பறந்து போய் முதுகு முழுக்க மேட்டில் பட விழுந்து, பட்டென்று கையை அடித்தாள். ஜூடோவில் முதுகு முழுதாகப் பட்டுவிட்டால் அதோடு ஆட்டம் முடிந்தது. நடுவர் கையை உயர்த்திவிட்டார். அவள் படுத்தபடியே அரங்கின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாததுபோல.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த விழுகையை நான் எத்தனை சாயங்காலம் பார்த்து ரசித்திருக்கிறேன். தோற்றவள் விழுகிற விழுகை இல்லை அது. அப்பாவுக்காக விழுகிற விழுகை. தோசைத் தட்டு முன்னால் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த அன்றைக்கு அவள் எடுத்த முடிவு, தினமும் செய்து செய்து, உடம்பில் ஏறிவிட்டிருந்தது. என் வாய் அப்போதும் "இடுப்பு" என்று சொல்லப் பாதி திறந்தபடியே இருந்தது.

கோச் என்னைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். அந்த ஒரு பார்வையிலேயே அவருக்கு எப்போதோ தெரியும் என்று தெரிந்தது. வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதவன் நான் ஒருவன்தான்.

அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அழுதிருந்தால்கூட எனக்குச் செய்வதற்கு ஏதாவது இருந்திருக்கும்.

"கால் வழுக்கிருச்சுப்பா. அந்த மூலையில மேட்டு ஈரமா இருந்துச்சு."

மேட் ஈரமாக இல்லை. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். இல்லை பாப்பா, எனக்குத் தெரியும், தப்பு என்மேல்தான் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. கோச் பக்கத்தில் நின்றார், தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் நின்றார்கள்.

"ஆமா, நானும் பாத்தேன். ஈரமாத்தான் இருந்துச்சு" என்றேன்.

தோற்றது அவள். ஆறுதல் சொன்னதும் அவளேதான். அதை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வீட்டில் மனைவி கேட்டபோதும் கால் வழுக்கிவிட்டதென்று மகள் சொன்னாள், நானும் தலையாட்டினேன். மனைவி அவளுக்குச் சோறு போட்டாள்.

மறுநாள் வகுப்புக்கு முன்னால் போய்க் கோச்சைத் தனியாகப் பிடித்தேன். மண்டப வாசலில் ரயில்வே சட்டையைக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் நின்னுக்கிறேன் தம்பி. இனிமே வரல" என்றேன்.

அவர் கழற்றிய சட்டையை மடித்தார். "நான் அப்பவே சொல்லியிருக்கணும்ண்ணே. ஒரு தடவை பாப்பாவக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன், இப்பிடி வுழுந்து பழகாதன்னு. 'அப்பா ரொம்ப மனசு ஒடஞ்சு போறாருண்ணே, கொஞ்ச நாளைக்கு மட்டும்'னு சொல்லுச்சு. அதுக்கு மேல உங்கட்ட வந்து சொல்ல எனக்கு வாய் வரல."

எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"நீங்க நின்னுட்டா பாப்பா தன்னாலதான் நின்னீங்கன்னு நெனைக்கும்ண்ணே. அடுத்த வருசம் ப்ளஸ் டூவுல இன்னொரு தேர்வு இருக்கு. அதுக்குள்ள அந்தக் கால் எந்திரிக்காம இருக்கணும். நெசமாப் புடிக்க, நெசமா வீச ஆள் வேணும். வீட்டுல பையங்களோட வேணாம்னு சொல்றாங்க. நீங்க இல்லாட்டி மறுபடி பொம்மைதான். நீங்களே ஜோடியா நில்லுங்க."

அன்று சாயங்காலம் ஜோடியாக நின்றபோது, காலரைப் பிடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னேன், "பாப்பா, இனிமே எனக்காக வுழுகாத. நெசமாப் போடு."

அவள் முகம் சிவந்துவிட்டது. பிடிபட்டது நான், ஆனால் வெட்கப்பட்டது அவள்.

"நெசமாத்தானப்பா போட்டேன்..."

"போடு."

அன்று அவளால் முடியவில்லை. நான் உள்ளே திரும்பும்போதெல்லாம் அந்தக் கால் தன்பாட்டுக்கு எழுந்தது. விழுந்துவிட்டுத் தன் காலையே தட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகி வருகிறது. இப்போது பெரும்பாலும் தடுத்துவிடுகிறாள், திருப்பித் தூக்கி வீசுகிறாள். "வலிக்குதாப்பா" என்று கேட்பதையும் கோச் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பெற்றோர்களிடம், கீழே தள்ளினால் என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். இருவர் பிள்ளைகளை என் வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

திருந்திவிட்டேன் என்று இதை முடித்தால் கௌரவமாக இருக்கும். ஆனால் நேற்றுச் சாயங்காலம்கூட அவள் என் காலரைப் பிடித்துத் திரும்பினாள். என் கால் தரையை விட்டுக் கிளம்பியது, சுற்றி எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு தடவை மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிட மாட்டாளா என்று என் மனசு கேட்டது. அப்படி விட்டுக்கொடுத்தால் அவளுக்கு என்ன போகும் என்று தெரிந்த பிறகும் கேட்டது.